முதல் வரியிலிருந்து

ஷார்ஜா. இரவு இரண்டு நாற்பது.
வெளியே முப்பத்தாறு டிகிரி. கண்ணாடி வியர்த்திருக்கிறது,
உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம்.
ஆகஸ்டில் இந்தக் கரையில்
விமானமும் பானைத் தண்ணீர் மொண்ட சொம்புதான்.

ஜெபஸ்தியான் எடைத்தாளோடு ஏணியேறி வருகிறார்.
"எல்லாம் கட்டியாச்சு மேடம். வலை, பூட்டு, பட்டை
ரெண்டு தரம் பாத்தாச்சு.
குதிரைக்கு மட்டும் எடை சொல்ல முடியாது,
வழியில ஒண்ணுக்குப் போகும்ல."
மொத்தம் மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் கிலோ.
கையெழுத்தை வாங்கி, ஊதிக் காயவைத்து, இறங்குகிறார்.

ஒன்பது குதிரைகள், மூன்று கொட்டில்களில்.
அதே தளத்தில், பின்னால்,
கப்பலில் வந்து வானத்துக்கு மாறும் ஸ்கூட்டர் பேட்டரிகள்.
இரண்டுக்கும் நடுவே
பதினொரு மீட்டர் நீளத்துக்கு மடித்த சட்டைகள்.
விதி கேட்கும் தூரத்தைவிடக் கூடவே.

ஹெல்கி இடப்பக்க இருக்கையில். ஐஸ்லாந்துக்காரர்.
"மூக்கை மெதுவாகத் தூக்குவோம்," என்கிறார்.
"திருப்பமும் மெதுவாக. லியேஜ்வரை
நின்றுகொண்டே வருகிறவர்கள் ஒன்பது பேர்."

அட்டையை எடுக்கிறேன்.
எல்லா வரியும் மனப்பாடம்.
அதனால்தான் பார்த்துப் படிக்கவேண்டும்:
நினைவு, கேட்டு முடிப்பதற்குள் ஆமாம் சொல்லிவிடும்.

ஆக்ஸிஜன்?
சோதித்தாச்சு. நூறு சதம்.
கருவிகள்?
சரி.
பார்க்கிங் பிரேக்?

பின்னால் ஓர் இருமல்.
இத்ரீஸ், குதிரைகளோடு வருகிறவர். கஸ்ஸலா ஊர்.
சட்டைக் கையெல்லாம் வைக்கோல்.
சற்றுமுன்தான் அவருக்கு முகமூடி காட்டியிருந்தேன்:
இழு, பொருத்து, மூச்சுவிடு.
இந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான
உடைந்த இந்தியில் கேட்கிறார்:
"இது எனக்கு. சரி.
கீழே இருப்பவர்களுக்கு?"

அசாதாரணங்களுக்குத் தனிப் புத்தகம் உண்டு.
அதில் ஒரு பக்கம் சொல்லும்:
பிரதான தளத்தில் தீ என்றால்
முகமூடி அணி.
தளத்துக் காற்றை வெளியே விடு.
இருபத்தைந்தாயிரம் அடியில் நில்.
நெருப்பும் மூச்சுவிடுகிற பிராணி, அதன் குரல்வளையைப் பிடி.
(கடைசி வரி என்னுடையது. புத்தகம் உவமை சொல்லாது.)
குதிரை என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை.

இந்தியில் ஒரு வாக்கியம் கட்டப் பார்த்தேன்.
வினைச்சொல் கிடைக்கவில்லை.
"நஹி" போதுமாக இருந்தது.

அவர் தலையசைத்தார்,
எடைத்தாளில் கையெழுத்திட்டவர் போல.
"அப்படியென்றால் ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன்.
மூன்றாம் கொட்டிலில் சாம்பல் நிறத்தி
கால் உதைத்துக்கொண்டிருக்கிறாள்."

ஐந்து நிமிடம், என்கிறார் ஹெல்கி.
கோபுரத்திடம் ஐந்து கேட்கிறேன். எட்டு ஆகிறது.
வந்தவரின் உள்ளங்கையில் எச்சில் ஈரம், அவளுடையது.
பேன்ட்டில் துடைத்துவிட்டு பெல்ட்டை மாட்டுகிறார்.

விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது.
குறுக்கே ஒரு குரல் விழுந்தால்
முதல் வரியிலிருந்து.
இதுவும் சாதாரண நடைமுறைதான்.

ஆக்ஸிஜன்?

ஹெல்கி முகமூடிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்,
முன்பு தொடவில்லை.
சோதித்தாச்சு, என்கிறார். நூறு சதம்.
சோதித்தாச்சு, என்கிறேன் நானும்,
அரை மூச்சு தாமதமாக.
குரல்பதிவுப் பெட்டியில் அந்தத் தாமதம் இருக்கும்.
இரண்டு மணி நேரத்தில்
அதன்மேல் வேறு சொற்கள் ஏறிவிடும்.
நல்ல பயணம் என்றால் அதுதான்:
பெட்டியை யாரும் திறப்பதில்லை.

ஓடுபாதை மூன்று பூஜ்யம்.
ததும்பும் அண்டாவை இரண்டு பேர் தூக்குவதுபோல
மூக்கை எடுக்கிறார் ஹெல்கி.
கரையோர விளக்குகள் நழுவுகின்றன,
பிறகு நங்கூரமிட்ட கப்பல்கள்,
தெருவே இல்லாத தெருவிளக்குகள்.

சக்கரம்?
மேலே.
மடல்?
மேலே.

பிரதான தளம் பதினாறு டிகிரி.
அட்டை இதைக் கேட்பதில்லை.
பார்த்தேன்.
பஹ்ரைன் தாண்டி இன்னொரு தரம் பார்த்தேன்.
பின்னால் பெல்ட் கழலும் சத்தம்,
ஏணியில் செருப்புச் சத்தம்.
யாரோ கேரட் கடிக்கிறார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்,
இந்த இரைச்சலில் கேட்க வழியே இல்லை.